வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளை

"எத்தினை சனம் செத்துப்போச்சு, உனக்குப் படம் கீறுற விளையாட்டோ?"

2009இல் போர் முடிந்து, மீள்குடியேற்றத்துக்குப் பிந்திய வன்னித் தகரக் கொட்டில்களில் இந்த வசனமோ இதன் தங்கச்சி வசனமோ கேட்காத பிள்ளைகள் குறைவு. சொன்னவர் கெட்டவர் அல்ல. அவருக்கு முன்னால் அரிசிச் சுளகு இருந்தது, நிரப்ப வேண்டிய படிவம் இருந்தது, காணாமல் போன ஒருவரின் அடையாள அட்டைப் பிரதி இருந்தது. பிள்ளையின் கையில் நாலாம் வகுப்புச் சித்திரக் கொப்பி. அதில் ஒரு வீடு. பார்க்கச் சொல்லிக் கேட்ட பிள்ளைக்கு, கேட்டதே பிழை என்று விளங்கியது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

சிறுவயதில் நிறைவேறாத தேவையை வளர்ந்தபின் ஆற்றுவதற்கான மேற்கு நாட்டுப் பயிற்சிகளை அப்படியே இங்கே இறக்கும்போது தவறுவது இந்த இடம்தான். அங்கே கதை பெரும்பாலும் 'பெற்றோர் கவனிக்கவில்லை' என்று தொடங்கும். இங்கே பெற்றோர் பிள்ளையை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவர்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொன்னால் எவரும் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் தேவையில்லை. தேவை நிறைவேறாமல் போவதற்கு ஒரு குற்றவாளி இருந்தாக வேண்டும் என்றில்லை. செத்தவர்கள், காணாமல் போனவர்கள், காயப்பட்டவர்கள், கடன், கூரை என்று ஒரு நீண்ட வரிசை. அதன் கடைசியில் 'என்ர படத்தைப் பார்' என்று ஒரு பிள்ளை. வரிசை நகரவேயில்லை. பெரிய சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது: வளர்ந்தவர் தன் தேவையைத் தானே வரிசையின் கடைசிக்கு அனுப்பப் பழகிவிடுகிறார்.

முதலில் சொல்லை நேராக்கிக்கொள்வோம். 'உள்மனக் குழந்தை' என்று தமிழில் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்தில் குழந்தை என்றால் தொட்டிலில் கிடப்பது. இங்கே கதைக்கப்படுவது ஏழு, ஒன்பது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அதனால் 'உள்ளே இருக்கிற பிள்ளை' என்றே சொல்லலாம். உள்ளே ஆவி மாதிரி ஒருவர் குடியிருக்கிறார் என்பதல்ல. சிறுவயதில் ஒரு நெருக்கடிக்குள் படிந்துபோன உணர்வும் உடல் அசைவும் நம்பிக்கையும், இன்று அதே சாயலில் ஒன்று நடந்தவுடன் முழுசாக எழும்புவதற்கு வைத்த பெயர் அது. அமெரிக்கச் சிறுவர் மனநல மருத்துவர் ஹியூ மிசில்டைன் 1963இல் இதைப் பற்றி எழுதினார். உளமருத்துவர் எரிக் பேர்ன் மனத்தைப் 'பெற்றோர், வளர்ந்தவர், பிள்ளை' என்று மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். 1990களில் ஜோன் பிராட்ஷோ இதைத் தொலைக்காட்சிக்கும் பட்டறைகளுக்கும் கொண்டுபோனார். அந்தப் பட்டறை வடிவத்துக்கு ஆய்வுப் பலம் அதிகம் இல்லை. ஆனால் இதே வேலையை ஒழுங்கோடு செய்யும் உளவியலாளர் ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா சிகிச்சையும் (சிறுவயதில் படிந்த மனப்பதிவுகளை மாற்றும் முறை), அதோடு சேர்ந்து வரும் 'கற்பனையில் காட்சியை மாற்றி எழுதுதல்' என்ற முறையும் ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியிருக்கின்றன. கீழே வருபவை அவற்றைத் தனி ஆளின் அளவுக்கு, வன்னியின் நிலைமைக்குச் சுருக்கியவை.

யங் ஐந்து அடிப்படைத் தேவைகளைச் சொல்கிறார். ஒன்று, பாதுகாப்பான பிணைப்பு: 'நான் இருக்கிறன், நீ படு' என்று சொல்ல ஒருவர். இரண்டு, தானாகச் செய்து பார்க்க இடம். போரில் எஞ்சிய ஒற்றைப் பிள்ளையைப் படலை தாண்ட விடாமல் வளர்த்த வீடுகளில் அடிபட்டுப்போனது இதுதான். முப்பது வயதிலும் வங்கிப் படிவம் நிரப்பக் கை நடுங்கும். மூன்று, உணர்வை வெளியே சொல்ல அனுமதி. நான்கு, விளையாட்டு. ஐந்து, எல்லை, 'போதும், இனிப் படு' என்று சொல்ல ஒருவர். வெளிநாட்டு மாமாவின் காசு வந்து, கேட்டதெல்லாம் கிடைத்து, 'வேண்டாம்' என்று சொல்ல வீட்டில் பெரிய ஆள் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்குக் குறைந்தது இந்த ஐந்தாவது. அதையும் குறை என்றே எண்ண வேண்டும்.

மூன்றாவதில் கொஞ்சம் நிற்கவேண்டும். பங்கருக்குள் 'சத்தம் போடாதை' என்பது உயிர் காத்த கட்டளை. மேலே வண்டு (ஆளில்லா வேவு விமானம்) சுற்றும்போது அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்திய கை அன்பான கைதான். அந்தக் கட்டளை அன்று சரி. அதை இரத்துச் செய்யப் பிறகு ஒருவரும் வரவில்லை என்பதுதான் பிரச்சினை. இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிக்குளம் மனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டுவிட்டது. 'சத்தம் போடாதை' இன்னும் பலருக்குள் திறந்தே இருக்கிறது. கலியாணவீட்டில் சிரிப்பை அடக்குகிறவர்கள், பல்வலியை மூன்று கிழமை சொல்லாமல் வைத்திருப்பவர்கள், மேலதிகாரி கேட்டால் 'ஒண்டுமில்லை சேர்' என்பவர்கள் எல்லோரும் அந்தக் கட்டளையின் கீழ்த்தான் இருக்கிறார்கள்.

தலைமுறைக்குத் தலைமுறை குறையின் முகம் வேறு. பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு, 1995 இடம்பெயர்வோடு வன்னிக்கு வந்தவர்களுக்கு, 2009ஐச் சிறுவராகக் கடந்தவர்களுக்கு, 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து வந்து காணியில்லாமல் கூலிக்குப் போன வீடுகளின் பிள்ளைகளுக்கு என்று ஒவ்வொன்றும் தனி. போருக்குப் பின் வன்னியைப் பற்றி 2010இல் எழுதிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 'கூட்டு உளக்காயம்' என்றார். காயம் தனி ஆளில் மட்டுமல்ல, குடும்பத்திலும் அயலிலும் நம்பிக்கையிலும் பட்டிருக்கிறது என்பது அதன் சாரம். ஆகவே தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு செய்யும் பயிற்சி பாதி வேலைதான்.

தொடங்கும் முன் சில தடைகள். கடந்த மாதத்தில் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்திருந்தால், இரவில் பழைய காட்சி வந்து உடுப்பு நனைய எழும்புவதாக இருந்தால், ஒவ்வொரு நாளும் குடி இருந்தால், இதைத் தனியாகத் தொடவேண்டாம். மாவட்ட ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926க்கு எந்த நேரமும் அழைக்கலாம். 'விசர்க் கிளினிக்கில் கண்டனான்' என்று ஊர் கதைக்கும் என்ற பயம் நியாயமானது. தெரிந்த முகம் இல்லாத பக்கத்து மாவட்டத்துக்குப் போவதில் வெட்கமில்லை. இப்போதுதான் ஒருவரை இழந்திருந்தால் ஆறு மாதமாவது பொறுங்கள். மே மாதத்தில் தொடங்கவே வேண்டாம். முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் கஞ்சியும் விளக்குமாக ஊரே கனத்திருக்கும்போது சின்ன நினைவு சின்னதாக இராது. கோயில் திருவிழாவில் வாணவெடி இருக்கிற நாட்களும் அப்படியே.

கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுங்கள் என்பது எல்லா வழிகாட்டிகளிலும் வரும் முதல் வரி. பங்கர் இருட்டில் இருந்தவருக்குக் கண்ணை மூடுவது ஆறுதல் அல்ல, பொறி. கண்ணைத் திறந்தே வையுங்கள். பார்வையை நிலத்தில் ஓர் இடத்தில் விடுங்கள். கதவு முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது. மூச்சு ஒத்துவந்தால் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட, பத்துத் தரம். இரண்டு நிமிடத்துக்குள் முடியும். மூச்சைக் கவனித்தாலே நெஞ்சடைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு உள்ளங்கைகளாலும் சுவரைப் பத்து விநாடி தள்ளி விடட்டும், ஐந்து தரம். அல்லது முழங்கை வரை கிணற்றுத் தண்ணீரில் கழுவட்டும். உடம்புக்கு 'இது இன்றைய நாள், இது இந்த முற்றம்' என்று தெரிந்தால் போதும்.

முதல் இரண்டு கிழமை பயிற்சியே வேண்டாம், கொப்பி மட்டும். எண்பது பக்கக் கொப்பியில் பக்கத்தை நாலாகக் கோடு போடுங்கள். என்ன நடந்தது, உடம்பு என்ன செய்தது, அந்த நேரம் எத்தனை வயது மாதிரி இருந்தது, என்ன கிடைத்திருந்தால் அடங்கியிருக்கும். நடந்ததற்கும் வந்த உணர்வுக்கும் அளவு பொருந்தாத இடங்களை மட்டும் எழுதுங்கள். உதாரணத்துக்கு, 2009இல் ஏழு வயதாக இருந்த ஒருத்தியைக் கற்பனை செய்வோம். இப்போது அவளுக்கு முன்பள்ளி போகும் மகள். இரவு புருசனுக்கு அன்றைய கதையைச் சொல்கிறாள். அவர் ஃபோனைப் பார்த்தபடி 'ம்' என்கிறார். அவ்வளவுதான். அவளுக்குத் தொண்டை அடைக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு நாள் கதையில்லை. முதல் கட்டத்தில் 'ம்' என்றார். இரண்டாவதில் தொண்டை, கை குளிர்ந்தது. மூன்றாவதில் ஒன்பது வயது. நாலாவது கட்டம் வெறுமை. பெரும்பாலும் நாலாவதுதான் கடைசியில் நிரம்பும், ஏனென்றால் என்ன வேண்டும் என்று கேட்டுப் பழக்கமில்லை. பத்துப் பதினைந்து பதிவு சேர்ந்தபின் மூன்றாம் கட்டத்தைக் கீழ்நோக்கி வாசியுங்கள். ஒரே வயது திரும்பத் திரும்ப வரும். தேட வேண்டிய ஆள் அங்கே நிற்கிறார்.

அடுத்து நினைவைத் தெரிவது. விதி ஒன்றுதான்: சின்ன நினைவு. பூச்சியத்திலிருந்து பத்து வரை எண் கொடுத்தால் நாலைத் தாண்டாத நினைவு. செல்லடி, சாவு, போரின் கடைசி மாதங்களில் பரந்தனிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று நகர்ந்து முள்ளிவாய்க்காலில் முடிந்த பாதையில் கண்டவை எதுவும் இந்தப் பட்டியலில் வராது. அது உளக்காயச் சிகிச்சை, பயிற்சி பெற்றவரோடு மட்டும். இங்கே ஒரு மறிப்பு எழும்பும்: 'பெரிசை விட்டிட்டு இந்தச் சில்லறையோ?' இதுதான் அந்தப் பழைய வரிசை. உடம்பு பெரிய இழப்பையும் சின்ன இழப்பையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. பாராத படத்துக்குத் தனி வலி, தனிக் கணக்கு.

இல்லாத நினைவைத் தோண்டவும் வேண்டாம். ஞாபகம் ஒளிப்பதிவு அல்ல. 1995இல் ஞாபகத்தை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லொஃப்டஸின் குழு வெளியிட்ட சோதனையில், சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை உறவினர் வழியாகச் சொல்லக் கேட்டவர்களில் கால்வாசிப் பேர் அதை முழுசாகவோ பாதியாகவோ நினைவுகூர்ந்தார்கள். 'உங்களுக்குள்ளே ஏதோ மறைந்திருக்கிறது, கண்டுபிடிப்போம்' என்று எவராவது அமர்வு நடத்தினால் எழும்பி வந்துவிடுங்கள்.

இனி வேலை. மொத்தம் இருபது நிமிடம், கிழமைக்கு ஒரு தரம், ஒரே நினைவை மூன்று நாலு தரம். பின்னேரம் நல்லது, படுக்கப் போகும் நேரம் கூடாது. மூன்று நிமிடம் உடம்பை நிலத்தில் ஊன்றியபின், காட்சியைப் பிள்ளையின் கண்ணால் நாலு நிமிடம் பாருங்கள். தொடக்கத்தில் சொன்ன கொட்டிலையே உதாரணமாக எடுப்போம். தகரம் கொதிக்கிறது. அம்மா சுளகோடு இருக்கிறா. கையில் கொப்பி. 'எத்தினை சனம் செத்துப்போச்சு' என்ற வார்த்தைக்கு முன்னோ பின்னோ நிறுத்துங்கள். வலிக்கிற உச்சி வரை போகவேண்டியதில்லை; வலி வாசலில் நின்றாலே போதும்.

இப்போது இன்றைய வளர்ந்த ஆள் அந்தக் கொட்டிலுக்குள் வருகிறார், எட்டு நிமிடத்துக்கு. வந்து என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குந்தி, பிள்ளையின் கண் உயரத்துக்கு வரவேண்டும். "என்ன கீறியிருக்கிறாய்? காட்டு." பிள்ளை உடனே காட்டாது, கொப்பியை மார்போடு பிடிக்கும். அவசரப்படுத்தாதீர்கள். "நான் இருக்கிறன், ஆறுதலாக் காட்டு." பிறகு கொப்பி திறக்கும். "எங்கட பழைய வீடோ?" "ஓம். இது கிணறு. இது அப்பான்ர சைக்கிள்."

சைக்கிள் என்ற சொல்லில் காட்சி திரும்பலாம். சின்ன நினைவின் அடியில் பெரிய நினைவு படுத்திருந்தது என்பது அப்போதுதான் தெரியும். அந்த நேரம் எண்ணைக் கேளுங்கள். ஆறுக்கு மேலே போயிருந்தால் நிறுத்தம்: எழும்புங்கள், சுவரைத் தள்ளுங்கள், பார்க்கிற ஐந்து சாமானின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், அன்றைக்கு அவ்வளவே. நாலு ஐந்தில் நின்றால் பிள்ளையிடம் சொல்லலாம்: "அப்பாவைப் பற்றிக் கதைக்கிறதுக்கு இன்னொரு நாள் வாறன். இண்டைக்குப் படத்தைப் பாப்பம்." பிறகு படத்தைப் பாருங்கள், உண்மையாகவே. எந்த நிறம், கிணற்றுக்குத் துலா இருக்கிறதா, வீட்டுக்கு எத்தனை யன்னல். கடைசி மூன்று நிமிடம் மறுபடி பிள்ளையாக இருந்து, ஒருவர் பக்கத்தில் குந்தியிருந்து தன் படத்தைப் பார்ப்பது எப்படி இருக்கிறது என்று உணர்ந்து, 'இன்னும் என்ன வேணும்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் அற்பமாக இருக்கும். சுவரில் ஒட்டச் சொல்லும். ஒட்டிவிடுங்கள். மிச்ச இரண்டு நிமிடத்தில் முகம் கழுவி, தேத்தண்ணி வைத்து, கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு முகநூல் வேண்டாம்.

அம்மா அந்தக் காட்சியில் என்ன ஆகிறா? அவவை விரட்ட வேண்டியதில்லை. வளர்ந்த ஆள் சுளகை வாங்கி ஒரு பக்கம் வைத்து, "நீங்கள் கொஞ்சம் இருங்கோ, பிள்ளையை நான் பாக்கிறன்" என்று சொன்னாலே போதும். அம்மாவிடம் இதைச் சொல்லும்போது பலருக்கு முதல்முறை கோபமில்லாத அழுகை வரும். சிலருக்குக் கோபம்தான் வரும், அதுவும் வரட்டும். அதன் பின்னால் 'பாவம் அம்மா' என்ற குற்ற உணர்வு அன்றிரவே வரும் என்பதை முன்கூட்டியே கொப்பியின் ஓரத்தில் எழுதி வையுங்கள், வந்தால் பயமிராது.

பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. முதலாவது, வளர்ந்த ஆள் உள்ளே போய்ப் பிரசங்கம் செய்வது: "அழாதை, படிச்சு முன்னுக்கு வரவேணும்." இது ஆறுதல் அல்ல, அதே அதட்டல், மரியாதையான சட்டையில். அறிவுரை வாயில் வந்தால் அதைக் கேள்வியாக மாற்றுங்கள். இரண்டாவது, பிள்ளையைப் பார்த்தாலே எரிச்சல் வருவது. 'என்ன இது, சும்மா சிணுங்குது.' அந்தக் குரல் யாருடையது என்று எழுதுங்கள். அன்று உங்களோடு கதைத்த ஒருவருடையதாக இருக்கும். அப்படியானால் நீங்கள் உள்ளே போகாமல் வேறொருவரை அனுப்பலாம்: அம்மம்மா, நல்ல ஒரு ரீச்சர், பக்கத்து வீட்டு மாமி. மூன்றாவது, ஒன்றும் தெரியாமல் மரத்துப்போவது. சோம்பலோ தோல்வியோ என்று எடுக்கவேண்டாம். உடம்பு போட்ட தாழ்ப்பாள் அது. இரண்டு கிழமை காட்சிக்குள் போகாமல், உடம்பு வேலையும் கொப்பியும் மட்டும். நாலாவது, இதிலேயே குடியிருப்பது. ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் உள்ளே போனால் அது ஆற்றுதல் அல்ல, புண்ணைச் சுரண்டுதல்.

காட்சி முடிந்தால் வேலை முடியவில்லை. தேவைக்கு இன்றைய வாழ்க்கையில் ஒரு சின்னக் கொடுப்பனவு வேண்டும். நாளுக்குப் பதினைந்து நிமிடம், பயனில்லாத ஒன்று. குளக்கட்டில் சைக்கிள் ஓடலாம், படம் கீறலாம், கோயில் வீதியில் பொடியளோடு கிளித்தட்டு மறிக்கலாம். பிள்ளை கேட்டதையெல்லாம் வாங்குவதல்ல இது. 'உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் புது ஃபோன் வேணுமாம்' என்று தவணைக்கு எடுத்தால், நுண்கடன்காரர் படலையில் நிற்கும்போது பிள்ளை வந்து பதில் சொல்லாது. எல்லையும் அந்த ஐந்து தேவைகளில் ஒன்று என்பதை மறக்கவேண்டாம்: பத்து மணிக்கு விளக்கை அணைப்பதும் பிள்ளையைப் பராமரிப்பதுதான். 'ம்' சொன்ன புருசனிடமும் கேட்கலாம், குற்றச்சாட்டாக இல்லாமல், அளவாக: "அஞ்சு நிமிசம் ஃபோனை வைச்சிட்டுக் கேளுங்கோ." அளவு சொன்னால் மனிசர் தருவார்கள். 'நீங்கள் ஒருநாளும் கேக்கிறேல்லை' என்றால் சண்டைதான் வரும்.

வயதான அம்மாவிடம் போய் 'ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?' என்று கேட்பதால் வரும் நன்மையை நான் பெரிதாக நம்புவதில்லை. அவவும் ஏதோ ஒரு இடம்பெயர்வின் பிள்ளை. கதை தானாக வந்தால் 'அப்ப எனக்குப் படத்தைக் காட்ட ஆசையா இருந்தது' என்று தன்பக்கத்தை மட்டும் சொல்லலாம். பதில் வராவிட்டாலும் வேலை நிற்காது. 'ஐந்தில் வளையாதது' பழமொழியை மட்டும் யாராவது எடுத்தால், அது மரத்துக்குச் சொன்னது என்று விட்டுவிடுங்கள்.

சொந்தப் பிள்ளையில் எரிந்து விழுந்த நாளில் திருத்தம் அன்றைக்கே நடக்கவேண்டும், படுக்க முன். மூன்று வசனம் காணும்: "நான் கத்தினது பிழை. நீ படம் காட்ட வந்தனி. இப்ப காட்டு." 'ஆனா நீயும்' என்று நாலாவது வசனம் சேர்த்தால் முதல் மூன்றும் அழியும்.

படம் கீறுகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. பன்னிரண்டு நிறப் பென்சில் பெட்டி ஒன்று உங்களுக்கென்று வாங்குங்கள். மூன்றாம் நாள் அது மகளின் முன்பள்ளிப் பைக்குள் இருக்கும். தாய்மார் அப்படித்தான், கேட்க முன்னமே கொடுத்துவிடுவார்கள். ஆகவே வாங்கும்போதே இரண்டு பெட்டி வாங்குங்கள், உங்களுடையதில் பெயர் எழுதுங்கள்.